விமலாராணி காப்பாற்றிய அடினியம்

கோயம்புத்தூர் சத்தி ரோட்டில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் கிருபாசங்கர், கருகிப்போன மோட்டாரை யார் கொண்டுவந்து இறக்கினாலும், "விமலாக்கா பார்க்கட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். விமலாக்கா என்கிற விமலாராணிக்கு ஐம்பத்தொரு வயது. இருபத்தாறு வருடங்களாக அந்தப் பட்டறையில் மோட்டாருக்குக் காயில் என்கிற கம்பிச்சுருள் சுற்றுகிறார். எரிந்த செம்புக் கம்பியைப் பிடுங்கி, புதுக்கம்பி சுற்றி, வார்னிஷில் முக்கி, காயவைத்து, ஓடவிட்டுக் காட்டுவது அவர் வேலை. வார்னிஷ் காயாத மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கச் சொல்லி யார் கெஞ்சினாலும் கொடுக்க மாட்டார். பயிர் வாடுகிறது என்று காங்கேயத்திலிருந்து வந்து கண்கலங்கி நின்றவர்களுக்கும் அதே பதில்தான். டீ வாங்கிக் கொடுப்பார், கரண்ட் கொடுக்க மாட்டார்.

இந்தப் பிடிவாதக்காரர்தான் சரவணம்பட்டி, கணபதி, பீளமேடு வட்டாரத்துக்கெல்லாம் செடி டாக்டர். எல்லாச் செடிக்கும் இல்லை. தண்ணீரைத் தண்டிலும் இலையிலும் சேர்த்துவைத்துக்கொள்ளும் தடித்த செடிகளுக்கு மட்டும். கள்ளி, அடினியம், ஆபீஸ் மேஜைகளில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குட்டிச் செடிகள், எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சக்குலன்ட் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அவற்றின் பெரிய வியாதி தண்டு அழுகல். மேலே பார்த்தால் செடி ஜோராக இருக்கும். மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு பழுப்பாகி, விரலை வைத்தால் உள்ளே அமுங்கும். வீட்டுக்காரர்களுக்கு அது தெரியவரும் நேரத்தில் செடி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

இந்த வைத்தியம் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. மகள் ஜோவிதா ஐ.டி. கம்பெனியில் சேர்ந்த புதிதில், ஆளுக்கொரு குட்டித் தொட்டி கொடுத்திருந்தார்கள். நாலு மாதத்தில் அது தலையைத் தொங்கப் போட்டது. ஜோவிதா அதைக் குப்பைக்கூடைப் பக்கம் கொண்டுபோனபோது விமலாராணி கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கருகுன மோட்டாரையே நாங்க தூக்கிப் போடறதில்ல கண்ணு. இதை எதுக்குப் போடோணும்? பிரிச்சுப் பார்க்கலாம் வா."

பிரித்து, அழுகின இடத்தை வெட்டிப் பார்த்தார். செடி செத்தது. பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிவந்த இரண்டாவதும் செத்தது, மூன்றாவதும் செத்தது. ஒன்றை வெட்டின அன்றைக்கே மண்ணில் ஊன்றித் தண்ணீர் ஊற்றியிருந்தார். இன்னொன்றில், போனால் போகிறது என்று மிளகு அளவு பழுப்பை வெட்டாமல் விட்டுவைத்திருந்தார். மூன்றாவதில் இரண்டு தப்பையும் சேர்த்தே செய்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, மொட்டை மாடியில் அந்த மூன்று தொட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. எரிந்த கம்பி ஒரு துண்டு உள்ளே இருந்தாலும் புதுக்காயில் கருகும். ஈரத்தோடு கரண்ட் கொடுத்தாலும் கருகும். பட்டறைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இருபது வருடமாக ஓதிக்கொண்டிருந்ததை, ஒரு செடி விஷயத்தில் தானே மறந்துபோனதை நினைத்து அன்று முழுக்கத் தன்னைத் திட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் கைக்கு வந்த செடி சாவது அபூர்வம். செய்வது ஒன்றும் மந்திரமில்லை. செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து மண்ணை உதறுவார். புது பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்து, அழுகின பக்கத்திலிருந்து மெல்லிய வில்லைகளாக வெட்டிக்கொண்டே போவார். ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடைத் துடைப்பார். வெட்டின முகத்தில் ஒரு புள்ளி கூடப் பழுப்பு இல்லாமல் தெளிவான சதை தெரிகிறவரை நிறுத்த மாட்டார். பெரிய செடி கட்டைவிரல் அளவுக்குக் குறைந்துபோனாலும் சரி. வீட்டுக்காரர்கள் பக்கத்தில் நின்று "போதுமுங்க, போதுமுங்க" என்பார்கள். அவர் காதில் விழாது. பிறகு வெட்டுவாயில் உரக்கடையில் வாங்கின பூஞ்சாண மருந்துப் பவுடரைப் பூசி, நிழலில் காற்றாடத் தொங்கவிடுவார். சின்னச் செடிக்கு நாலைந்து நாள், பெரிய தண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டின பிறகுதான் நடுவது. நட்ட பிறகும் ஒரு வாரத்துக்குத் தண்ணீர் கிடையாது.

வராமல் தடுப்பதில்தான் அவருக்கு இன்னும் அக்கறை. கொஞ்சம் செம்மண், நிறையப் பருமணல், உடைத்த செங்கல், ஒரு கை கரி என்று தண்ணீர் நிற்காமல் ஓடுகிற கலவை. அடியில் ஓட்டை போட்ட மண்தொட்டி. தொட்டிக்குக் கீழே மூன்று கல், தரையோடு ஒட்டாமல். ஐப்பசி மழைக்கு மேலே ஒரு ஷீட்டு. தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் ஓர் ஈர்க்குச்சியை அடிவரை குத்தி எடுத்துப் பார்க்க வேண்டும். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் ஊற்றக்கூடாது.

அவருக்குக் கெட்ட கோபம் வருவது ஒரே விஷயத்துக்குத்தான், குழாயில் தண்ணீர் விடும் நாள். கோயம்புத்தூர்க்காரர்களுக்குத் தங்கள் தண்ணீரின் ருசியைப் பற்றி இருக்கிற பெருமை உலகம் அறிந்தது. அது எப்போது வரும் என்ற கவலையும் அதே அளவுக்கு உண்டு. அதனால் வீட்டில் இருக்கிற குடம், அண்டா, பக்கெட் எல்லாவற்றிலும் பிடித்து வைப்பார்கள். அடுத்த முறை குழாய் சத்தம் கேட்டதும், பிடித்துவைத்த பழைய தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட மனசு வராமல், வாசலில் இருக்கிற தொட்டிகளுக்கெல்லாம் குடம் குடமாக ஊற்றுவார்கள். ரோஜாவுக்கு அது விருந்து. கள்ளிக்கு அதுவே எமன். நூறு வீட்டில் இதைப் பார்த்துவிட்டதால், தண்டு அழுகல் என்று கேட்டவுடனே விமலாராணியின் முதல் கேள்வி, "தண்ணி என்னிக்கு வந்துச்சுங்க?" என்பதாகவே ஆகிவிட்டது.

அந்தக் கேள்வியே அவரை ஒரு தடவை குப்புறத் தள்ளிவிட்டது.

பீளமேட்டில் லட்சுமணசாமி என்று ஒரு பம்புசெட்டுக் கம்பெனிக்காரர். தெலுங்கு பேசும் நாயுடு குடும்பம். கம்பெனி சின்னதாக இருந்த காலத்தில் பழுதான மோட்டார்களைத் தானே வண்டியில் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வருவார். ரிப்பேர் ஆன மோட்டாரை எடுக்கும்போது, "விமலா சுத்துனதா?" என்று ஒரு வார்த்தை கேட்பார். ஆமாம் என்றால் பேசாமல் ஏற்றிக்கொண்டு போவார். இல்லையென்றால் ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் தொடுவார். பட்டறையில் பெண்பிள்ளை சுற்றின காயிலா என்று முகம் சுளித்தவர்கள் இருந்த காலம் அது. அந்த ஒரு கேள்வியை விமலாராணி இன்றுவரை நெஞ்சில் வைத்திருக்கிறார்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் லட்சுமணசாமிக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்தது, பேச்சு போயிற்று. மனைவி வெங்கடலட்சுமி அவர் கட்டிலைப் போர்ட்டிகோவைப் பார்த்த சன்னல் ஓரத்தில் போட்டார். சன்னலுக்கு நேர் கீழே பெரிய தொட்டியில் ஓர் அடினியம் இருந்தது. பதினேழு வருடம் முன்னால் விரல் அளவு நாற்றாக அவரே வாங்கி நட்டது. அடித்தண்டு பெருத்துப் பரங்கிக்காய் அளவுக்கு உருண்டிருக்க, மேலே கொத்துக் கொத்தாக ரோஜா நிறத்தில் பூத்திருக்கும். மனிதர் நாள் முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

போன ஆனி மாதம் அந்தத் தண்டு அமுங்கியது. வெங்கடலட்சுமி போன் செய்து, வேறு எதுவும் சொல்லாமல், "விமலா, அவரோட செடி போகுது. அது போச்சுன்னா இவரும் மனசு உட்டுருவாரு அம்மணி" என்றார்.

விமலாராணி அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினார். கேட்ட முதல் கேள்விக்கு, தண்ணீர் வந்து நாலு நாள் ஆகிறது என்று பதில் வந்தது. போர்ட்டிகோவில் காலி அண்டாக்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அதற்கு மேல் அவர் எதையும் தேடவில்லை. வீட்டு வேலை செய்யும் சாந்தாமணியைக் கூப்பிட்டு, பழைய தண்ணீரை இந்தத் தொட்டியில் கொட்டினது நீங்கள்தானே என்று கேட்டார். சாந்தாமணி இல்லவே இல்லை என்றார். ரோஜாவுக்கும் மல்லிக்கும் ஊற்றியதுண்டு, இதற்கு ஊற்றக்கூடாது என்று அய்யா நல்லா இருந்த காலத்திலேயே சொல்லியிருக்கிறார் என்றார். விமலாராணி நம்பவில்லை. எல்லா வீட்டிலும் இப்படித்தான் சொல்வார்கள் என்று வெங்கடலட்சுமியிடம் சொல்லியும்விட்டார். சாந்தாமணி அன்று வாங்கின வசவு கொஞ்சமில்லை.

அடினியத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. மிச்சத்தை விமலாராணி தன் வீட்டு மொட்டை மாடிக்கு எடுத்துப்போய்ப் பன்னிரண்டு நாள் தொங்கவிட்டு, புது மண்ணில் நட்டுக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே வைத்தார். அந்த நாட்களில் அய்யா சன்னலைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருந்தார் என்று, அவரைக் கவனித்துக்கொள்ளும் கீதா பிறகு சொன்னார்.

ஆறு வாரம் கழித்துத் தண்டு மறுபடியும் அமுங்கியது.

இது விமலாராணிக்குப் புதிது. ஒரு தடவை சுத்தமாக வெட்டின செடி திரும்ப அழுகி அவர் பார்த்ததில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் போய், போர்ட்டிகோவில் தொட்டிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தண்ணீர் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது, அன்று ஊற்றியிருந்தால் இதற்குள் காய்ந்திருக்கும். அண்டாக்கள் நிறைந்திருந்தன, மூடியைத் திறந்த அடையாளமே இல்லை. ஈர்க்குச்சியை ரோட்டுப் பக்கம் குத்தினார், வெறுமனே வந்தது. சுவர்ப் பக்கம் குத்தினார், சேறு ஒட்டிக்கொண்டு வந்தது. ஏ.சி. குழாய் சொட்டுகிறதா என்று மேலே பார்த்தார். அந்தச் சுவரில் ஏ.சி.யே இல்லை. சாந்தாமணி உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். வேறு யார் என்று விளங்காமல் விமலாராணி தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

பத்து மணிக்கு உள்ளே கீதா, "மாத்திரை போட்டுக்குங்கய்யா" என்று சொல்வது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துச் சன்னல் கம்பிகளுக்கு நடுவில் ஒரு கை வந்தது. இடது கை. அதில் சில்வர் டம்ளர். கை நடுங்கியது. ஆனால் டம்ளர் அவசரப்படவில்லை. மெதுவாகச் சாய்ந்து, குடித்தது போக மிச்சமிருந்த தண்ணீரை, இலையில் ஒரு சொட்டுப் படாமல், தொட்டி மண்ணில் ஊற்றியது. அப்புறம் கை உள்ளே போய்விட்டது.

இந்தச் செடிக்குத் தண்ணீர் அதிகம் ஆகாது என்பது அந்த மனிதருக்குத் தெரியாததல்ல. ஆனால் சோறு ஊட்டுவது, முகம் துடைப்பது, சேனல் மாற்றுவது வரைக்கும் எல்லாவற்றையும் அவருக்கு மற்றவர்கள்தான் செய்தார்கள். அவர் கையால் இன்னொரு உயிருக்குச் செய்ய முடிந்தது இந்த அரை டம்ளர் ஒன்றுதான். அந்த அன்பில்தான் செடி இரண்டு தடவை அழுகியிருக்கிறது. சாந்தாமணி வாங்கின வசவு விமலாராணிக்கு ஞாபகம் வந்து நெஞ்சைக் குத்தியது.

வெங்கடலட்சுமியிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த அம்மாள் புருஷனைத் தாங்குகிற தாங்கில் டம்ளர் அன்றைக்கே கைமாறும். குழந்தைக்குக் கொடுப்பதுபோல வாயில் வைத்துக் கொடுப்பார்கள், சன்னல் பாதி சாத்தப்படும். சொல்லாமல் விட்டால் பழி சாந்தாமணி மேலேயே நிற்கும்.

முதலில் வேலையைப் பார்த்தார். செடியைப் பிடுங்கி, பால் கண்ணில் தெறிக்காமல் துணி சுற்றிக்கொண்டு வெட்டினார். பரங்கிக்காயாக இருந்தது கடைசியில் அரைமூடித் தேங்காய் அளவுக்கு நின்றது, மேலே இரண்டே கிளை. மருந்து பூசி, இந்தத் தடவை வீட்டுக்கு எடுத்துப்போகாமல், போர்ட்டிகோ கம்பியிலேயே சன்னலுக்கு நேராக, கைக்கு எட்டாத தூரத்தில் தொங்கவிட்டார். பிறகு உள்ளே போய் வெங்கடலட்சுமிக்கும் சாந்தாமணிக்கும் நடுவில் நின்று சொன்னார்.

"சாந்தாமணி மேல ஒரு தப்பும் இல்லைங்கம்மா. மொதத் தடவை அழுகுனது பழைய மண்ணு இறுகித் தண்ணி நின்னதாலங்க, இந்தத் தடவை நான்தானுங்க வெட்டுவாய் சரியாக் காயறதுக்கு முந்தியே நட்டுப்போட்டேன். சரியாப் பார்க்காம அவங்க தலையில பழியைப் போட்டுட்டேனுங்க."

எந்த விவசாயி கண்ணீருக்கும் இளகாமல் ஈர மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்க மறுத்த பெண், காயாமல் நட்டேன் என்று தன் வாயாலே சொன்னார். வெங்கடலட்சுமிக்கு முகம் இறுகிவிட்டது. இத்தனை பேர் நம்பிக் கொண்டுவருகிற இடத்தில் இப்படிச் செய்யலாமா என்று நாலு வார்த்தை கேட்கவும் செய்தார். விமலாராணி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். சாந்தாமணியிடம் தனியாகப் போய், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேட்டார். சாந்தாமணி உடனே சமாதானம் ஆகிவிடவில்லை. பாத்திரத்தைத் துலக்கி முடித்துவிட்டுத்தான் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

பன்னிரண்டு நாள் கழித்து விமலாராணி வந்தார். அடினியத்தை நட்டு, சன்னலிலிருந்து ஐந்தடி தள்ளி ஒரு ஸ்டாண்டில், படுத்த இடத்திலிருந்து முழுசாகத் தெரிகிற மாதிரி வைத்தார். வெயில் அங்கேதான் நன்றாகக் கிடைக்கிறது என்று வெங்கடலட்சுமிக்குக் காரணம் சொன்னார். சன்னலுக்குக் கீழே காலியான இடத்தில், தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த புதினாத் தொட்டி ஒன்றை வைத்தார். கீதா துணி காயப்போட மாடிக்குப் போன சமயம் பார்த்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"அய்யா, சன்னலுக்குக் கீழ புதினா வச்சிருக்கறனுங்க. அந்த அடினியம் மாதிரி இல்லைங்க இது. இதுக்குத் தினம் தண்ணி வேணுங்க. ஒரு நாள் உட்டாலும் வாடிப்போயிரும். நீங்கதான் பார்த்துக்கோணும்."

லட்சுமணசாமி அவரையே பார்த்தார். இடது கை போர்வையிலிருந்து வெளியே வந்து, கட்டில் சட்டத்தை ஒரு தடவை தட்டியது. அந்தக் காலத்தில் மோட்டாரை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது வண்டிப் பலகையை அப்படித்தான் தட்டுவார்.

இரண்டு மாதம் கழித்து வெங்கடலட்சுமி கூப்பிட்டு அனுப்பினார். விமலாராணி போனபோது அடினியத்தின் இரண்டு கிளைகளிலும் புது இலை விட்டிருந்தது. தண்டில் விரலை வைத்து அழுத்தினார். கல்லாக இருந்தது. படியில் உட்கார்ந்தார். புதினா தொட்டிக்கு வெளியே வழிந்து, தரையில் படர ஆரம்பித்திருந்தது. வாரத்தில் மூன்று நாள் துவையல்தான் என்றும், அய்யா அதை மட்டும் இன்னும் கொஞ்சம் கைகாட்டி வாங்குகிறார் என்றும் சாந்தாமணி காப்பி கொண்டுவந்து வைக்கும்போது சொன்னார்.

வெங்கடலட்சுமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"விமலா, நீ காயவிடாம நட்டுட்டேன்னு சொன்னயே, அதை நான் ஒரு பத்துப் பேர்த்துகிட்டச் சொல்லிப்போட்டேன்."

"பரவாயில்லைங்கம்மா."

"நீ பரவாயில்லைன்னுதான் சொல்லுவ. அந்தப் பத்துப் பேர்த்தையும் திரும்பக் கூப்பிட்டு, விமலா மேல தப்பில்லைன்னு சொல்லிட்டேன். யாரு மேல தப்புன்னு சொல்லலை." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போன மாசத்துல ஒரு நாள் நானும் பார்த்தேன் அம்மணி. இப்ப கீதாகிட்டச் சொல்லி, பெரிய டம்ளர்ல நெறையக் கொடுக்கச் சொல்லியிருக்கறேன்."

உள்ளே மாத்திரை போடும் நேரம் ஆகியிருந்தது. சன்னல் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. இரண்டு பெண்களும் திரும்பிப் பார்க்காமல் காப்பியைக் குடித்தார்கள்.